ஒரு கேமரா, ஐயாயிரம் பனித்துகள்

பனித்துகளைப் படம் எடுப்பதில் சிக்கல் ஒன்றிரண்டல்ல. நிறமே இல்லாத பொருள் அது; வெளிச்சம் சரியாக விழாவிட்டால் இருப்பதே தெரியாது. அகலம் சில மில்லிமீட்டர்தான். குனிந்து பார்க்கிறவரின் மூச்சுக் காற்று பட்டாலே உருகிவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு காப்பாற்றினாலும், உறைகுளிரிலேயே மெல்ல மெல்ல ஆவியாகி, கூர்முனைகள் மழுங்கிக்கொண்டே போகும். நல்ல மேக்ரோ லென்ஸ் கையில் இருக்கும் இன்றைய புகைப்படக்காரர்களையே திணறடிக்கிற வேலை. 1885-ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஒரு பால்பண்ணையின் கொட்டகையில், இருபது வயது நிரம்பாத ஓர் இளைஞர் இதைச் செய்துகாட்டினார். மைக்ரோஸ்கோப்பையும் கேமராவையும் ஒன்றாகப் பூட்டி அவர் எடுத்ததுதான் தனிப் பனித்துகளின் முதல் புகைப்படங்களில் ஒன்று.

அவர் பெயர் வில்சன் பென்ட்லி. ஜெரிக்கோ என்ற சிற்றூரில் 1865-இல் பிறந்து, அதே பண்ணையில் மாடு கறந்து, அதே பண்ணையில் 1931-இல் இறந்தவர். இடையில் 5,000-க்கும் மேற்பட்ட பனித்துகள்களைப் படம் எடுத்தார். அத்தனைக்கும் ஒரே கேமரா.

பதினான்கு வயதுவரை அவருக்கு வீட்டிலேயே அம்மாவிடம்தான் படிப்பு. அம்மா ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அப்போது வைத்திருந்த பழைய மைக்ரோஸ்கோப் ஒன்று வீட்டில் கிடந்தது. பையன் பதினைந்து வயதில் அதன் கீழே பனித்துகளை வைத்துப் பார்த்தான். பார்த்ததை வரைந்து வைக்க ஆசை. மூன்று குளிர்காலங்கள் வரைந்தான். ஒரு கோட்டை முடித்து அடுத்ததைப் பார்க்கக் குனிவதற்குள் துகள் பாதி கரைந்திருக்கும். கையால் வரைந்து ஆகாது, கேமராதான் வழி என்று தெரிந்தது. அப்பாவுக்கு இதெல்லாம் வெட்டிவேலை. அம்மாவின் ஆதரவில் ஒருவழியாகச் சம்மதித்து, மைக்ரோஸ்கோப்பும் துருத்திக் கேமராவும் வாங்கக் கிட்டத்தட்ட 100 டாலர் எடுத்துக் கொடுத்தார். அன்றைய ஒரு விவசாயக் குடும்பத்துக்கு அது பெரிய பணம்.

அந்தக் கருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பழைய ஸ்டூடியோக்களில் கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு எடுப்பார்களே, அந்த வகைக் கேமராதான். முன்னால் லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் மைக்ரோஸ்கோப்பைப் படுக்கவைத்துப் பொருத்தினார். மைக்ரோஸ்கோப்பின் மறுமுனை ஜன்னலைப் பார்த்திருக்கும். ஜன்னல் வெளிச்சம் பனித்துகளை ஊடுருவி, மைக்ரோஸ்கோப் வழியாகப் பெரிதாகி, நீண்ட துருத்திக்குள் விரிந்து, பின்பக்கத்துக் கண்ணாடித் தகட்டில் விழும். சாதாரணப் படத்தில் பொருளின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியை வாங்குகிறோம். இங்கே ஒளி பொருளுக்குள் புகுந்து வருகிறது. அதனால்தான் துகளுக்குள் சிறைப்பட்ட நுண்ணிய காற்றுக் குமிழிகளும், அது வளர்ந்த ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பும் கறுப்புக் கோடுகளாகத் தெரிகின்றன.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். பின்னால் நின்று பிம்பத்தைப் பார்க்கும்போது, முன்னால் இருக்கும் மைக்ரோஸ்கோப்பின் ஃபோகஸ் திருகு கைக்கு எட்டாது. சின்னச் சக்கரங்களையும் கயிற்றையும் பூட்டி, பின்னாலிருந்தே திருகும்படி பென்ட்லி தானே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். இன்னொரு சிக்கல், படம் மங்கலாக வந்தது. ஒளி புகும் துவாரத்தை மிகச் சிறியதாக்கிய பிறகுதான் விளிம்புகள் கூர்மையாயின. துவாரம் சிறுத்தால் வெளிச்சம் குறையும், நேரம் கூடும். பல நொடிகள், சில சமயம் ஒரு நிமிடத்துக்கும் மேல் தகட்டைத் திறந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை நேரமும் துகள் உருவம் மாறாமல் இருக்க வேண்டும். ஆகவே கொட்டகையில் அடுப்பு கிடையாது, கணப்பு கிடையாது. வெளியே என்ன குளிரோ உள்ளேயும் அதே குளிர்.

காலமும் அவருக்குக் கைகொடுத்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை புகைப்படத் தகட்டில் ரசாயனத்தை அப்போதே பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். உறைகுளிரில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஜெலட்டின் பூசிய உலர்தகடு அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது. வாங்கி வைத்துக்கொள்ளலாம், பனி பெய்யும்போது எடுக்கலாம், சாவகாசமாகக் கழுவலாம். ஒரு படைப்பாளியின் பிடிவாதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதுபோன்ற சந்தைச் சமாசாரங்களைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பத்து வருடம் முன்னால் பிறந்திருந்தால் இதே பென்ட்லி வரைந்துகொண்டேதான் இருந்திருப்பார்.

பனி பெய்கிற நாளில் வேலை இப்படி நடக்கும். கறுப்பு வண்ணம் பூசிய பலகையை ஏந்திக்கொண்டு வாசலில் நிற்பார். அதில் விழுகிற துகள்களை வெறுங்கண்ணால் ஒரு நோட்டம். ஒட்டிக்கொண்டவை, உடைந்தவை, கை கால் கோணியவை எல்லாவற்றையும் ஓர் இறகால் தள்ளிவிட்டுப் பலகையைத் துடைத்து மறுபடி ஏந்துவார். தேறியது ஒன்று கிடைத்தால் கொட்டகைக்குள் விரைவார். மெல்லிய மரக்குச்சியின் நுனியால் துகளைத் தொட்டு எடுத்து, குளிர்ந்த கண்ணாடிச் சில்லில் வைத்து, வான்கோழி இறகால் தட்டையாகப் படியும்படி லேசாக அழுத்துவார். மூச்சைத் துகளின் மேல் விடக்கூடாது. கையுறையைக் கழற்றக் கூடாது. மைக்ரோஸ்கோப்பில் பொருத்தி, ஃபோகஸ் பார்த்து, தகட்டைத் திறந்து, எண்ண வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள்.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைக்கிற பிரிண்ட் கண்ணைப் பறிக்காது. வெளிச்சமான பின்னணியில் வெளிறிய துகள், அவ்வளவுதான். நாம் இன்று பார்க்கும் பென்ட்லி படங்களில் கரிய வானத்தில் வெள்ளி நட்சத்திரம்போல ஒளிர்கிறதே, அது கத்தி வேலை. முதல் நெகட்டிவிலிருந்து ஒரு நகல் எடுப்பார். நெகட்டிவில் பின்னணி கறுப்பாக இருக்கும். துகளின் விளிம்பை ஒட்டியே கூரிய கத்தியால் அந்தக் கறுப்புப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டால் வெறும் கண்ணாடி மிஞ்சும். பிரிண்ட் போடும்போது அந்த இடம் முழுக்கக் கறுத்துவிடும். ஆறு கிளை, ஒவ்வொரு கிளையிலும் ஏராளமான பல். ஒரு பல்கூடச் சிதையாமல் சுற்றிவரச் சுரண்ட மணிக்கணக்காகும். நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து முகப்பருவை மறைத்தவர்களுக்குத்தான் இந்த வேலையின் அருமை சட்டென்று புரியும்.

இந்தக் கத்திதான் வம்பையும் கொண்டுவந்தது. ஜெர்மனியின் வானிலை அறிஞர் குஸ்தாவ் ஹெல்மன், தன் நாட்டில் நொய்ஹௌஸ் என்பவரைக்கொண்டு பனித்துகள்களைப் படம் எடுக்கச் செய்தார். அந்தப் படங்களில் வந்தவை அவ்வளவு ஒழுங்காக இல்லை. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பென்ட்லி சுரண்டும் சாக்கில் உருவத்தையே திருத்துகிறார் என்று ஹெல்மன் குற்றம்சாட்டினார். பின்னணியைத்தான் நீக்குகிறேன், துகளைத் தொடுவதில்லை என்பது பென்ட்லியின் பதில்.

என் கணிப்பில் இருவர் பக்கமும் நியாயம் உண்டு. கத்தியால் பென்ட்லி ஏமாற்றவில்லை. ஆனால் கத்தியை எடுப்பதற்கு வெகுமுன்பே, வாசலில் பலகையோடு நின்றபோதே, தேர்வு நடந்துவிட்டது. வானத்திலிருந்து விழுவதில் பெரும்பகுதி உடைந்ததும் கோணியதும்தான். அழகாக, சமச்சீராக இருப்பதை மட்டும் அவர் உள்ளே எடுத்துப் போனார். அவர் படங்களை மட்டும் பார்த்தவர்கள் பனித்துகள் என்றாலே ஆறு கை நட்சத்திரம் என்று நம்பியதற்கு இந்தத் தேர்வுதான் காரணம். கலைஞராக அவர் செய்தது சரி. விஞ்ஞானத்துக்கு மற்ற துகள்களும் வேண்டியிருந்தன.

ஆறு என்ற எண் எங்கிருந்து வந்தது? வானியலாளர் கெப்ளர் 1611-லேயே இதைக் கேட்டு ஒரு சிறு நூல் எழுதினார். விடை அவருக்குக் கிடைக்கவில்லை. தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோண அடுக்கில் அமர்கின்றன. மேகத்தில் ஒரு தூசியைச் சுற்றி உறையத் தொடங்கும் குட்டித் துகளும் அறுகோணத் தட்டாகத்தான் பிறக்கிறது. அதன் ஆறு மூலைகளும் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் சுற்றியுள்ள நீராவி அவற்றுக்குத்தான் முதலில் கிடைக்கிறது. மூலைகள் வேகமாக நீள்கின்றன. நீண்டதால் இன்னும் அதிகம் பெறுகின்றன. அதுவே கிளையாகிறது. துகள் மேகத்துக்குள் அலையும்போது வெப்பநிலையும் ஈரமும் மாறிக்கொண்டே இருக்கும். ஆறு கைகளும் ஒன்றாகவே பயணம் செய்வதால் ஏறக்குறைய ஒரேமாதிரி வளர்கின்றன. இன்னொரு துகளின் பயணம் வேறு, உருவமும் வேறு. ஒன்றுபோல் இன்னொன்று தனக்குக் கிடைத்ததே இல்லை என்று பென்ட்லி சொன்னது உலகம் முழுக்கப் பரவியது.

வடிவத்துக்கும் வெப்பநிலைக்கும் தொடர்பு உண்டு என்று பென்ட்லி ஊகித்திருந்தார். நாள்தோறும் வானிலைக் குறிப்பு எழுதிய மனிதர் அவர். அதை நிரூபிக்கப் பனித்துகளைச் சோதனைச்சாலையில் வளர்த்துக் காட்ட வேண்டும். ஜப்பானின் ஹொக்கைடோவில் இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயா 1936-இல் ஒரு முயல் மயிரின் நுனியில் அதைச் செய்தார். பனித்துகள் பக்கம் அவரைத் திருப்பியவற்றில் பென்ட்லியின் புத்தகமும் ஒன்று. நகாயாவின் வழியில் வந்த ஆய்வுகளின்படி, மைனஸ் 2 டிகிரி வாக்கில் தட்டுகள், மைனஸ் 5 வாக்கில் ஊசிகளும் தூண்களும், மைனஸ் 15 வாக்கில் பென்ட்லிக்குப் பிரியமான கிளை விரித்த நட்சத்திரங்கள். ஈரம் எவ்வளவு என்பதைப் பொறுத்து இதில் ஏற்ற இறக்கம் வரும்.

ஊரில் அவரைக் கொஞ்சம் கிறுக்கு என்றுதான் நினைத்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குடும்பத்தோடு பண்ணை வீட்டைப் பகிர்ந்து வாழ்ந்தார். 1898-இல் வெர்மான்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்கின்ஸுடன் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் அவரை வெளியுலகுக்குக் காட்டியது. 1903-இல் 500 பிரிண்ட்களை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் படத்தகடு ஒன்று ஐந்து சென்ட் விலையில் விற்றார். பள்ளிக்கூடங்கள் வாங்கின, நகை வடிவமைப்பவர்கள் வாங்கினார்கள். வாழ்நாளில் இதற்கென்று சுமார் 15,000 டாலர் செலவழித்தவருக்கு வரவு 4,000-ஐத் தொடவில்லை. அமெரிக்க வானிலையியல் கழகம் 1924-இல் தன் முதல் ஆய்வு நிதியை அவருக்குத்தான் கொடுத்தது: 25 டாலர். ஊக்கத்தொகை என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாடுகள்தான் அவருடைய கலையைக் காப்பாற்றின.

1931 நவம்பரில், வானிலைத் துறையின் ஹம்ஃப்ரீஸ் எழுதிய முன்னுரையோடு, 2,400-க்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட அவருடைய புத்தகம் வெளியானது. அடுத்த மாதம் பனிப்புயலில் வீட்டுக்கு நடந்து வந்தவர் நிமோனியாவில் படுத்தார். டிசம்பர் 23 அன்று இறந்தார். அந்தக் கேமராவை இன்றும் ஜெரிக்கோவில், ஆற்றோரத்துப் பழைய சிவப்பு மாவு ஆலையில் இயங்கும் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

நமக்குப் பனித்துகள் கிடைக்காது. மழை கிடைக்கும், அதையும் பென்ட்லி விட்டுவைக்கவில்லை. 1898 முதல் 1904 வரை கோடையில் மழைத்துளிகளை அளந்தார். கருவி, ஒரு தட்டில் ஒரு அங்குல உயரத்துக்கு அழுத்தாமல் நிரப்பிய மாவு. மழையில் சில நொடி நீட்டுவார். விழுந்த ஒவ்வொரு துளியும் மாவில் ஒரு குட்டி உருண்டையாகும். காயவிட்டு எடுத்து அளப்பார். உருண்டையும் துளியும் ஏறக்குறைய ஒரே அளவுதானா என்று, அளவு தெரிந்த துளிகளை உயரத்திலிருந்து விழவைத்துச் சரிபார்த்தும் கொண்டார். அவர் கண்ட பெரிய துளி கால் அங்குலம்; அதற்குமேல் துளி பருத்தால் விழும் வழியிலேயே உடைந்துவிடும் என்று இன்று தெரியும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் நீங்களும் செய்து பார்க்கலாம். மைதாவைச் சலித்துத் தட்டில் நிரப்பிக்கொள்ளுங்கள். தூறலில் ஒரு தட்டு, கொட்டுகிற மழையில் ஒரு தட்டு, விடுகிற நேரத்தில் ஒரு தட்டு. மூன்று நொடி போதும். நன்றாகக் காய்ந்த பிறகு சல்லடையில் போட்டு உருண்டைகளைப் பிரித்து, ஸ்கேல் பக்கத்தில் வைத்துச் செல்போனில் படம் எடுங்கள். தேதியும் நேரமும் குறித்துவைக்க மறக்காதீர்கள்.