வாகனங்கள் நின்றும் விலகாத புகைமூட்டம்

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தைச் சற்றே நினைவிற்குக் கொண்டு வாருங்கள். கொரோனா நோய் பரவியதால் சீன நாடே கதவடைத்துக் கிடந்தது. சாலைகள் வெறிச்சோடின, பல தொழிற்கூடங்கள் மூடப்பட்டிருந்தன. வாகனங்கள் கக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்கள் வெகுவாகக் குறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள்களே படம்பிடித்துக் காட்டின. அப்படியானால் தலைநகர் பெய்ஜிங்கின் வானம் பளிங்குபோல் தெளிந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை! அந்த மாதத்திலும் அந்நகரைக் கடும் புகைமூட்டம் சூழ்ந்துகொண்டது.

இது எப்படி நிகழ்ந்தது?

நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன். கலைப் பட்டம் பெற்று மதரஸாவில் பாடம் நடத்துபவன். ஆயினும், ஓத வரும் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் மூச்சிரைப்பினால் அடிக்கடி வகுப்பிற்கு வர இயலாமல் போவதைக் காணும்போது, அவர்கள் சுவாசிக்கும் காற்றில் என்னதான் இருக்கிறது என்று தேடிப் படிக்கத் தோன்றியது. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

காற்றில் மிதக்கும் துகள்களுள் மிகவும் அஞ்சத்தக்கவை 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான நுண்துகள்கள். நமது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் இவற்றின் அளவு! மூக்கிலுள்ள ரோமங்கள் இவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் அடியாழம் வரை சென்று, ஒரு பகுதி இரத்தத்திலும் கலந்து, மூச்சு நோய்களோடு மாரடைப்பிற்கும் பக்கவாதத்திற்கும் வழிகோலுகின்றன.

இவற்றுள் ஒரு பகுதி நமது கண்ணெதிரே பிறப்பது. விறகடுப்பின் புகை, டீசல் வண்டியின் கரி, குப்பை எரியும் புகை ஆகியவற்றை இல்லத்தரசிகளும் அறிவார்கள். மற்றொரு பகுதியோ எந்தப் புகைபோக்கியிலிருந்தும் துகளாக வெளிவருவதே இல்லை. அது காற்றிலேயே பிறக்கிறது! நிலக்கரி எரியும்போது கந்தக டை ஆக்ஸைடு வெளியாகிறது; அது காற்றில் கந்தக அமிலமாகிறது. வாகனங்களின் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் நைட்ரிக் அமிலமாகின்றன. வயலில் தூவிய யூரியாவிலிருந்தும், மாட்டுத் தொழுவத்தின் சாணம், சிறுநீரிலிருந்தும் அம்மோனியா எழுகிறது. அமிலமும் அம்மோனியாவும் சேர்ந்தால் உப்பு! அம்மோனியம் சல்ஃபேட், அம்மோனியம் நைட்ரேட் என்னும் இவ்வுப்புகளே நுண்துகள்களாகிக் காற்றில் மிதக்கின்றன. கந்தக வாயு வெளியான இடம் ஒன்று. பல நூறு கிலோமீட்டர் கடந்து அது உப்பாகும் இடம் வேறொன்று.

அம்மோனியாவிற்குக் கந்தக அமிலத்தோடுதான் முதல் உறவு. ஒரு மூலக்கூறு கந்தக அமிலத்தோடு இரண்டு மூலக்கூறு அம்மோனியா இணைகிறது. கந்தகத்தைக் குறைத்தால் என்னவாகும்? அந்த இரண்டு அம்மோனியாவும் விடுபட்டு நைட்ரிக் அமிலத்தைத் தேடிச் செல்கின்றன. குளிர்காலத்தில் அங்கே நைட்ரேட் உப்பு பெருகுகிறது. சீனாவில் இதைத்தான் கண்டார்கள். 2013 முதல் 2017 வரையிலான நான்கே ஆண்டுகளில் கந்தக டை ஆக்ஸைடை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைத்தனர். நைட்ரஜன் ஆக்ஸைடுகள் குறைந்ததோ சுமார் 20 விழுக்காடுதான். அம்மோனியாவை ஏறக்குறைய தொடவே இல்லை. பெய்ஜிங்கின் குளிர்காலப் புகைமூட்டத்தில் சல்ஃபேட்டை முந்திக்கொண்டு நைட்ரேட் முன்னே வந்தது.

அதற்காகக் குறைத்தது வீண் என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 2013-இல் பெய்ஜிங்கின் ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 90 மைக்ரோகிராம் அளவில் இருந்த நுண்துகள், 2021-இல் 33 ஆகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டில் வகுத்த வரம்பு 5 என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி 2020-இன் புதிருக்கு வருவோம். வாகனப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்ஸைடு, ஓஸோனை விழுங்கும் இயல்புடையது. வண்டிகள் நின்றதும் ஓஸோன் பெருகியது. எஞ்சியிருந்த வாயுக்களை அது விரைவாகத் துகள்களாக மாற்றியது. மின்நிலையங்களும் உருக்காலைகளும் குளிர்காய்ச்சும் கொதிகலன்களும் இயங்கிக்கொண்டே இருந்தன. காற்றும் அசையவில்லை, ஈரப்பதமோ மிகுதி. ஒன்றை மட்டும் குறைத்து மற்றவற்றை விட்டுவைத்ததால் வந்த வினை!

நமது நாட்டின் நிலை என்ன? அனல் மின்நிலையங்கள் கந்தக வாயுவைக் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2015 டிசம்பரில் ஆணை பிறப்பித்தது. இரண்டு ஆண்டுக் கெடு, பலமுறை நீண்டது. 2025 ஜூலையில், நான்கில் மூன்று பங்கிற்கும் அதிகமான நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவி கட்டாயமில்லை என்று விலக்கே அளித்துவிட்டார்கள். பெரும்பாலான இடங்களில் காற்றிலுள்ள கந்தக டை ஆக்ஸைடு வரம்பிற்குள்தான் இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. எனக்கு இது விளங்கவில்லை. வாயுவாக இருக்கும்வரைதானே அந்தக் கருவி அதை எண்ணும்? உப்பாக மாறிய பிறகு அது கந்தக டை ஆக்ஸைடு கணக்கில் வருவதில்லை. வேறோர் ஊரின் நுண்துகள் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் நிலக்கரி எரியும் நமது மாநிலத்திற்கும் இது பொருந்தும்.

டில்லி வட்டாரத்திற்கும் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் அமைந்த நிலையங்கள் மட்டும் கருவியைக் கட்டாயம் பொருத்தியாக வேண்டும். அவற்றிற்குக் கெடு 2027 டிசம்பர்.