வண்டி குலுங்கினால் முதுகு தாங்குமா?

"மாப்பிள்ளை, என்னை இங்கேயே இறக்கி விட்டுடுங்க. நான் நடந்தே வந்துடுறேன்!"

இப்படிக் கெஞ்சியவர் என் தாயார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். இப்போது முதுகெலும்புத் தேய்மானம். மாதம் ஒரு முறை மருத்துவமனைக்குப் போகவேண்டும். என் அத்தான் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கியதும், இனி யார் வண்டிக்கும் காத்திருக்க வேண்டாம் என்று வீடே மகிழ்ந்தது. ஆனால், தோட்டத்துச் செம்மண் பாதையில் அது குலுக்கிய குலுக்கலில், தார்ச் சாலைக்கு வருமுன்பே அம்மாவின் கண்களில் நீர் வந்துவிட்டது.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கலாம். 1996-ல் கூலிம் ஹைடெக் பூங்கா திறக்கப்பட்ட பிறகு நம் பிள்ளைகள் பலர் அங்குள்ள தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். பூங்காவில் நல்ல அகலமான தார்ச் சாலைகள். ஆனால் பாடாங் செராய், மாஹாங் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பெரிய சாலையைப் பிடிக்கும் வரை மேடும் பள்ளமும்தான். காலையில் செம்பனைக் குலை, மாலையில் குடும்பம் என்று ஒரே வண்டி இரண்டு வேலையும் செய்கிறது. தொல்லையே அங்கேதான் தொடங்குகிறது.

பாரத்துக்குப் பிறந்த வண்டி

தமிழ்நாட்டில் அந்தக் காலத்து வில்வண்டியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரும்புப் பட்டைகளை வில்போல் வளைத்து அடுக்கி, அதன்மேல் வண்டியை உட்கார வைத்தார்கள். கட்டை வண்டியைவிட அது சொகுசு. இன்றைய பிக்கப் வண்டிகள் பெரும்பாலானவற்றின் பின்சக்கரத்திலும் அதே பட்டை ஸ்பிரிங்தான் இருக்கிறது. டொயோட்டா ஹைலக்ஸ் 1968-ல் முதன்முதலாக வந்தபோதும் பின்னால் பட்டைதான்.

அப்படியானால் ஏன் சொகுசு இல்லை? இந்தப் பட்டைகள் ஏறக்குறைய ஒரு டன் சுமக்கும்படி செய்யப்பட்டவை. ஒரு குலை 20 கிலோ என்றால் ஐம்பது குலை! அந்தப் பாரம் ஏறினால் பட்டை வளைந்து கொடுக்கும். காலியாகப் போனால் வளைய மறுக்கும். பள்ளத்தின் அடி அப்படியே உட்கார்ந்திருப்பவர் முதுகுக்கு வரும்.

நாம் நடக்கும்போது உடம்பு நொடிக்கு ஒன்றிரண்டு முறை ஏறி இறங்குகிறது. வண்டியும் அந்த வேகத்தில் மெதுவாக அசைந்தால் சுகமாக இருக்கும். நொடிக்கு 4 முதல் 8 முறை வரும் மேல்கீழ் அதிர்வுதான் மனித உடம்புக்கு மிகவும் ஆகாதது. முதுகு நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் சொல்லவே வேண்டாம்.

பட்டறையில் கண்டது

"பட்டையில் இரண்டை உருவிவிட்டால் மெத்தைபோல் ஓடும்" என்று பக்கத்து வீட்டார் யோசனை சொன்னார். நல்லவேளை, அத்தான் கேட்கவில்லை. கூலிமில் வயதான ஒரு சீனப் பட்டறைக்காரரிடம் காட்டினோம். அவர் ஸ்பிரிங்கைத் தொடுமுன் டயரைத்தான் பார்த்தார். அவர் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலாவது, காற்று. முன் உரிமையாளர் குலை ஏற்றுவதற்காக 50 பி.எஸ்.ஐ. வரை அடைத்து வைத்திருந்தார். நாங்களும் அப்படியே ஓட்டினோம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. தினமும் அடைக்க வேண்டிய அளவு அல்ல. ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வண்டிக்குரிய அளவு அதில்தான் இருக்கிறது. பாரத்துக்கு ஓர் அளவும் காலி வண்டிக்கு ஓர் அளவும் தனித்தனியே போட்டிருந்தால் அதன்படியே மாற்றுங்கள். வண்டி ஓடிச் சூடாவதற்குமுன் அளக்க வேண்டும். சொகுசு என்று அளவுக்குக் கீழே குறைத்துவிடாதீர்கள். டயர் சூடேறி வெடிக்கும்.

இரண்டாவது, எப்சோர்பர். பட்டை வாங்கிய அடியை அடக்கி நிறுத்துவது இதுதான். எங்கள் வண்டியில் இரண்டு பின் எப்சோர்பர்களிலும் எண்ணெய் கசிந்திருந்தது. ஒரு பள்ளத்தைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை துள்ளினால், அல்லது டயர் அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்தால், இதைச் சந்தேகிக்கலாம். மாற்றினால் ஒரே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

மூன்றாவது, புஷ். பட்டையின் இரு முனைகளிலும் கண் போன்ற வளையம் இருக்கும். அதற்குள் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ். அது வெடித்திருந்தால் 'கிரீச்' என்றும் 'டக்' என்றும் சத்தம் வரும். இரும்போடு இரும்பு மோதும். விலை அதிகமில்லாத பொருள். கவனிப்பார்தான் இல்லை.

கடைசியாகத்தான் பட்டை. முன் உரிமையாளர் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்திருந்தார். பட்டறைக்காரர் அதை மட்டும் கழற்றி, வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த கணக்குக்குக் கொண்டுவந்தார். அதற்குமேல் ஒன்றைக்கூடத் தொட மறுத்துவிட்டார். சொந்தப் பட்டையை உருவினால், அடுத்த முறை பாரம் ஏற்றும்போது வண்டி பின்னால் உட்கார்ந்துவிடும், முன்சக்கரம் தரையை அழுத்தாது, வளைவில் கைமீறும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி இல்லாமல் அமைப்பை மாற்றினால் அந்தத் தொல்லையும் உண்டு.

பட்டையே வேண்டாம் என்று சில நிறுவனங்களும் எண்ணின. 2014-ல் வெளிவந்த நிசான் நவாராவின் இரட்டைக் கேபின் வண்டிகளில் பின்னால் சுருள் ஸ்பிரிங் வைத்தார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். இருப்பதைச் சரிசெய்து ஓட்டுவதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு வழி.

வீட்டார் செய்யக்கூடியது

நோயாளியை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். பின் இருக்கை பின்சக்கரத்துக்கு அருகில் இருப்பதால் அடி அங்கே அதிகம். அம்மாவை 'வசதியாகக் காலை நீட்டட்டும்' என்று நாங்கள் பின்னால்தான் வைத்திருந்தோம்! செம்மண் பாதையில் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஐந்து நிமிடம்தான் கூடும். எவ்வளவு அவசரமானாலும் பின் தட்டில் ஆளை ஏற்றாதீர்கள். அது சட்டத்துக்கும் விரோதம், உயிருக்கும் ஆபத்து.

இன்னொன்றும் சொல்லவேண்டும். காற்றடைத்த டயருக்கு ஜோன் பாய்ட் டன்லப் காப்புரிமை பெற்றது 1888-ல். தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடவேண்டும் என்றுதான் அவர் அதைச் செய்தார். டயரும் புஷ்ஷும் பாலிலிருந்து வந்தவை. உலகத்தின் முதுகு நோகாமல் இருக்க, விடியுமுன் எழுந்து பால் சேர்த்தவர்கள் நம் பெற்றோர்கள். அவர்களை நோக வைத்து ஓட்டலாமா?

அடுத்த மாதம் அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்தார். பெரிய சாலை வந்ததும் திரும்பிப் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டியின் கதவைத் திறந்து அந்தத் தாளைப் படித்துப் பாருங்கள். காற்றை அளவாக வைக்கச் செலவு ஒன்றும் இல்லை.