உரசலில் உருகும் வண்ணம்

சன்னபட்ணா மரப்பொம்மை வாங்கிய வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தார். குழந்தை கடித்தும் தரையில் அடித்தும் வண்ணம் உரியவே இல்லையே, எப்படி? ‘நூறு சதவீதம் இயற்கை’ என்று அட்டையில் போட்டிருக்கிறதே, நம்பலாமா? முதல் கேள்விக்கு விடை தேடிக் கடைசல் பட்டறைக்குள் போக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் பாடம் ஒன்று அங்கே நடக்கிறது.

பெங்களூரு–மைசூரு சாலையில் இருக்கிற சன்னபட்ணாவில் வெட்பாலை மரத்தைக் கடைவது வழக்கம். வெளிர் நிறம், நெருக்கமான இழை; உளி பட்டால் சிலாம்பு கிளம்பாமல் வழவழவென்று வரும். சில மாதங்கள் உலர்த்திய துண்டின் ஒரு முனையைச் செதுக்கி, லேத்தில் சுழலும் கிண்ணத்துக்குள் சுத்தியலால் தட்டி இறுக்குவார்கள். உளியைத் தாங்கியில் அணைத்துப் பிடித்தால் பம்பரமோ கிலுகிலுப்பையோ கைக்கு வந்துவிடும். உப்புத்தாள் போட்டு முடித்ததும், ஓட்டத்தை நிறுத்தாமல் வண்ண அரக்குக் குச்சியை எடுத்து மரத்தில் அழுத்துவார்கள். அடுப்பு, பிரஷ், தின்னர் எதுவும் கிடையாது. குச்சி பட்ட இடத்தில் சிவப்பு வளையமாகப் படர்கிறது.

அரக்கு ஒரு பூச்சி சுரக்கும் பிசின். 65 டிகிரி செல்சியசைத் தாண்டினால் இளகும், 75 முதல் 80-க்குள் உருகிவிடும். அந்தச் சூடு வருவது உரசலில் இருந்துதான். 5 செ.மீ. குறுக்களவுள்ள மரம் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால், அதன் மேற்பரப்பு விநாடிக்கு 2.6 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உரசல் விசை ஒரு கிலோ எடையளவு என்று வைத்துக்கொண்டால், சுமார் 25 வாட் வெப்பம் பிறக்கும். அத்தனையும் சில மில்லிமீட்டர் அகலப் பட்டையில்.

பள்ளிக்கூடத்தில் சூடுகொட்டையைத் தரையில் தேய்த்துப் பக்கத்துப் பையன் கையில் வைத்தவர்களுக்கு இது புரியும். தரை புதிது புதிதாக வந்து போகிறது, கொட்டையின் ஒரே முகம்தான் விடாமல் உரசுகிறது. அதனால் கொட்டை சுடுகிறது, தரை சுடுவதில்லை. அரக்குக் குச்சிதான் கொட்டை, மரம்தான் தரை. ஆனால் இந்தத் தரை உருண்டையானது. உரசிய இடமே விநாடிக்கு 16 முறைக்கு மேல் திரும்பி வருகிறது. மரம் வெப்பத்தை எளிதில் உள்ளே கடத்தாது என்பதால், போன சுற்றின் சூடு ஆறுவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். தரையும் சேர்ந்து சுடத் தொடங்கும். இன்னும் ஒரு படி போகலாம்: 75 டிகிரியில் உருகும் கொட்டை ஒன்று இருந்தால், பையன் எவ்வளவு வேகமாகத் தேய்த்தாலும் அதற்கு மேல் அதிகம் சூடேற்ற முடியாது. உருகிய படலம் வழுக்கும், வழுக்கினால் உரசல் குறையும், உரசல் குறைந்தால் சூடும் குறையும். சற்று ஆறியதும் படலம் கெட்டிப்பட்டு மறுபடி பிடிக்கும், சூடு ஏறும்.

இதில்தான் நான் சொக்கிப்போகிறேன். வெப்பமானியோ ரெகுலேட்டரோ இல்லாமல், அரக்கு தன் வெப்பநிலையைத் தானே கட்டிக் காக்கிறது. இது சாதாரண வசதி அல்ல. அரக்கை நெடுநேரம் அதிகச் சூட்டில் வைத்தால், அது இறுகி மறுபடி உருகாத பொருளாக மாறிவிடும். லேத்தில் அந்த ஆபத்து குறைவு. குழம்பாக உருகிய அரக்கு மரத்தின் நுண்துளைகளில் இறங்கி அங்கேயே உறைகிறது. ஆவியாகிப் போக அதில் கரைப்பான் எதுவும் இல்லை. ஆகவே வண்ணம் மரத்துக்குள் வேர்விட்டு நிற்கிறது.

கடைசியாகக் காய்ந்த தாழை மடலை நறுக்கி, சுழலும் அரக்கின் மேல் வைத்து அழுத்துவார்கள். மேல்தோல் மட்டும் மீண்டும் இளகி, மேடு பள்ளம் நிரவி, கண்ணாடி மினுக்கம் வரும். கார்பைடு முனை உளி, மரத்தைக் கவ்விப் பிடிக்க விதவிதமான தாடை வைத்த சக், பாலிஷ் சக்கரம் என்று கடைசலுக்கான துணைக்கருவிச் சந்தை இன்று பெரிது. ‘இது இல்லாமல் நேர்த்தி வராது’ என்று விளம்பரங்கள் சொல்கின்றன. நல்ல சக் வேலையை எளிதாக்கும், மறுக்கவில்லை. ஆனால் அரக்கு வேலையில் தாழை மடலுக்கு நிகராக ஒன்றை அவர்கள் காட்டட்டும்.

வரலாறு ஒரு பத்தி போதும். எகிப்தில் கி.மு. 300-ஐ ஒட்டிய பெட்டோசிரிஸ் கல்லறைச் சிற்பத்தில் கடைசல் காட்சி இருக்கிறது. திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை அழைத்து வந்த கதை சன்னபட்ணாவில் எல்லோர் வாயிலும் உண்டு. ஆந்திராவின் ஏட்டிகொப்பாக்காவிலும் நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களிலும் இதே கடைசல், இதே அரக்கு. எனக்குச் சுவையான செய்தி வேறு: கயிற்றை இழுத்து இயக்கும் பழைய லேத்தில் மரம் முன்னும் பின்னும் சுழலும். உளி ஒரு திசையில்தான் வெட்டும். திரும்பும் சுற்று வீண். அரக்குக்கு அந்த நஷ்டம் இல்லை, எந்தப் பக்கம் சுழன்றாலும் உரசல் உரசல்தான்.

இனி ‘நூறு சதவீதம் இயற்கை’. அரக்கு இயற்கைப் பொருள்தான். மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேற்பூச்சாகவே போடுகிறார்கள். அதில் கலக்கும் நிறமியைப் பற்றி அந்த வாசகம் எதையும் நிரூபிப்பதில்லை. ஈயம் கலந்த நிறமியும் அரக்கோடு அருமையாகக் கலக்கும். ஏட்டிகொப்பாக்காவில் தாவரச் சாயங்களை மீட்டெடுத்த சி.வி. ராஜு 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார். அத்தகைய உழைப்பும் மலிவான சாயமும் ஒரே அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. எனவே அரக்கை விட்டுவிட்டு, “சாயம் எது? ஈயச் சோதனை செய்ததற்குச் சான்று உண்டா?” என்று கேளுங்கள்.

வீட்டில் பொம்மையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெந்நீரில் அரக்கு இளகும், சாராயத்தில் கரையும், காரச் சோப்பிலும் கெடும். சானிடைசர் பட்டால் வண்ணம் கையோடு வந்துவிடும்.