‘வயதாகிவிட்டது’ என்று சொல்லிவிடாதீர்கள்!
இல்லத்துப் பெரியவர்களைப் பேணும் முறைகள்

நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் நடக்கையில் தடுமாறுகிறார். “வயதாகிவிட்டது” என்கிறோம். சோற்றைப் பாதியில் ஒதுக்குகிறார். “வயதாகிவிட்டது” என்கிறோம். இரவில் உறங்காமல் புலம்புகிறார். அதற்கும் அதே விடைதான். இந்த ஒரு சொல், தீரக்கூடிய எத்தனையோ நோய்களுக்குக் கதவை அடைத்துவிடுகிறது.

முதுமை நோயன்று. முதுமையில் நோய்கள் வரலாம். அவற்றுள் பல மருந்தாலும் கவனிப்பாலும் குணமாகக்கூடியவை. வயதின் இயல்பு எது, நோயின் அடையாளம் எது என்று பிரித்தறிவதே முதியோர் பராமரிப்பின் முதற்படி. நாள்தோறும் அருகிலிருந்து பார்க்கும் வீட்டாரே இதற்கு ஏற்ற கண்கள்.

இவ்வுண்மையை மருத்துவ உலகுக்கு உணர்த்தியவர் மார்ஜரி வாரன் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி. 1935ஆம் ஆண்டு இலண்டனின் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில், ‘தீராத நோயாளிகள்’ என்று ஒதுக்கப்பட்டுப் படுக்கையிலேயே கிடந்த முதியோர் பலர் அவருடைய பொறுப்பில் வந்தனர். அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்தார். இவரால் எழ முடியாதது ஏன்? சிறுநீர் கட்டுப்படாதது எதனால்? பார்வை எப்படி? மனநிலை எப்படி? காரணம் தெரிந்ததும் சிகிச்சை தொடங்கியது. எழவே மாட்டார்கள் என்று கருதப்பட்ட பலர் எழுந்து நடந்தனர். வீடு திரும்பியவர்களும் உண்டு. ஆராய்ந்து அறிவதே சிகிச்சையின் பாதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆறு வேலைகளைக் கவனியுங்கள்

குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குச் சென்றுவருதல், படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுதல், மலசலத்தைக் கட்டுப்படுத்துதல், தானே உண்ணுதல் - இவ்வாறு வேலைகளையும் கொண்டே சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். செவிலியர் இன்றும் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற மாதம் இவ்வாறில் எவற்றை உம்மாவால் தனியே செய்ய முடிந்தது, இன்று எவற்றுக்குத் துணை வேண்டியிருக்கிறது என்று குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை எடையையும் எழுதுங்கள். முயலாமலே ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57 கிலோவானால், மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். பல் வலியா, பொருந்தாத செயற்கைப் பல்லா, மனச்சோர்வா, உள்நோயா என்பதை அவர் ஆராய்வார்.

திடீர்க் குழப்பம்

நேற்றுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், இன்று மாலை பெற்ற மகனையே அடையாளம் தெரியாமல் விழிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறைந்துபோனவர்களின் பெயரைச் சொல்லி அழைக்கிறார். சற்று நேரம் தெளிகிறார், மீண்டும் குழம்புகிறார். வீட்டில் ஒருவர் “மறதி நோய்” என்பார். மற்றொருவர் “காற்று, கருப்பு” என்று ஓதிப் பார்க்க ஓடுவார். இறைவனிடம் இறைஞ்சுவது நம் கடமை. ஆனால் அதனைக் காரணமாகக் கொண்டு மருத்துவத்தைத் தாமதிப்பது சரியன்று.

சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தோன்றி, ஏறியும் இறங்கியும் வரும் இக்குழப்பத்தை மருத்துவர்கள் ‘டெலிரியம்’ என்பர். ‘டிமென்ஷியா’ எனப்படும் மறதி நோயோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. டெலிரியத்தின் பின்னால் பெரும்பாலும் உடல் நோயே மறைந்திருக்கும்: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, சர்க்கரை அல்லது உப்புச் சத்தின் ஏற்றத்தாழ்வு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை. காரணத்தைக் கண்டு நீக்கினால் பலருக்கும் தெளிவு திரும்புகிறது. கவனியாது விட்டால் உயிருக்கே ஆபத்து.

முதியோரிடம் நோய்கள் தம் வழக்கமான முகத்தைக் காட்டுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கடுந்தொற்றிலும் காய்ச்சல் ஏறாதிருக்கலாம். மாரடைப்பு வந்தும் நெஞ்சு வலிக்காதிருக்கலாம். மூச்சிரைப்பு, வியர்வை, காரணமற்ற சோர்வு மட்டுமே தென்படலாம். சர்க்கரை நோயாளிகளிடம் இது மிகுதி. தாக உணர்வும் வயதோடு மங்குகிறது. ஆகவே கேட்டால் கொடுப்போம் என்றிராமல், மருத்துவர் நீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவரை, வேளைதோறும் நீங்களே நீர் கொடுங்கள்.

விழாமல் காப்போம்

தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் படுக்கையோடு ஒடுங்கிவிட்ட பெரியவர்களை நாம் எல்லோரும் அறிவோம். விழுவது விதி என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றுள் பல நம் கையில் உள்ளன.

ஓர் எளிய சோதனையை வீட்டிலேயே செய்யலாம். பெரியவரைக் கைப்பிடியுள்ள நாற்காலியில் அமர்த்துங்கள். அங்கிருந்து 3 மீட்டர் தொலைவில் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடுவரை நடந்து, திரும்பி வந்து அமரச் சொல்லுங்கள். நீங்கள் அருகிலேயே துணையாக நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டென்று கொள்ளலாம்.

படுக்கையிலிருந்து எழும்போது சிலருக்கு இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்கிறது. படுத்த நிலையில் அளந்த மேல் எண், எழுந்து நின்ற 3 நிமிடத்திற்குள் 20 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தால் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். பஜ்ர் தொழுகைக்கு இருளில் விரைந்து எழும் பெரியவர்க்கு இதுவே கண்ணி. விழித்ததும் படுக்கையின் ஓரத்தில் ஓரிரு நிமிடம் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து, பிறகே எழச் சொல்லுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும்.

ஒளுச் செய்யும் இடத்தைப் பாருங்கள். ஈரத்தரையில் ஒற்றைக் காலில் நின்று மற்றொரு காலைக் கழுவுவது இளையவர்க்கே சறுக்கும் வேலை. அங்கே ஓர் உறுதியான முக்காலி, சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத விரிப்பு - இம்மூன்றும் போதும். கழிப்பறையிலும் கைப்பிடி வையுங்கள். சஜ்தாவிலிருந்து எழுகையில் தலைசுற்றினாலோ முழங்கால் மடங்காவிட்டாலோ நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கம் இடந்தருகிறது. அதனைக் குறையாக எண்ணி வருந்தும் பெரியவருக்கு அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

சர்க்கரையும் நோன்பும்

முதியவர்க்குச் சர்க்கரை கூடுவதைவிடத் திடீரெனக் குறைவது அபாயகரமானது. வியர்த்தல், கை நடுக்கம், குழப்பம், எரிச்சல், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை தோன்றினால் உடனே பரிசோதியுங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழிருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையை நீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் மீண்டும் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மருத்துவமனைக்கு விரையுங்கள்.

ரமளான் வருமுன்னரே, ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன், மருத்துவரைக் கண்டு நோன்பு நோற்கலாமா, மருந்தை எப்படி மாற்றுவது என்று கேளுங்கள். விரலில் குத்தி இரத்தம் பரிசோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர் பலரின் தீர்ப்பு. சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பைத் தொடரலாகாது என்பது மருத்துவ அறிவுரை. நோயாளிக்கும் தளர்ந்த முதியவர்க்கும் இறைவன் அளித்த சலுகையை ஏற்பதும் இறைவனுக்குக் கீழ்ப்படிதலே.

சர்க்கரை நோயுள்ளவரின் பாதங்களை நாள்தோறும் நீங்களே குனிந்து பாருங்கள். உணர்ச்சியற்ற பாதத்தில் முள் குத்தியதுகூட அவருக்குத் தெரியாது. கழுவியபின் விரலிடுக்கின் ஈரத்தைத் துடைத்து உலர்த்துங்கள்.

மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

இதயத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், உறக்கத்துக்கு ஒருவர் என்று பல மருத்துவர் எழுதிய மாத்திரைகள் ஒரே பெட்டியில் சேர்ந்துவிடுகின்றன. ஒரே மருந்து இரு பெயர்களில் இருப்பதும் உண்டு. ஆறு மாதத்திற்கொருமுறை பெட்டியை அப்படியே எடுத்துச் சென்று ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். இது இன்னும் தேவையா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரை முதியவருக்குக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கக்கூடும். வலிக்கு விழுங்கும் டைக்ளோபினாக் சிறுநீரகத்தைத் தாக்கும். இரத்த அழுத்தத்தை ஏற்றும். வயிற்றில் புண் உண்டாக்கும். உறக்க மாத்திரை விழச் செய்யும். எனினும், நெடுநாள் உட்கொண்ட எதனையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

படுக்கையில் இருப்பவருக்கு

படுக்கைப்புண் ஓரிரு நாளிலேயே தோன்றிவிடும். ஆறுவதற்கோ மாதங்கள் ஆகும். திரும்பிப் படுக்க இயலாதவரை இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். அடிமுதுகு, இடுப்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்தலை ஆகிய இடங்களை நாளும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் புண்ணின் தொடக்கம். கருநிறத் தோலில் சிவப்பு தெரியாது; சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அவ்விடத்தைத் தேய்த்துவிடலாகாது. ரப்பர் வளையமும் வேண்டாம். கெண்டைக்காலின் கீழ்த் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது.

உணவூட்டும்போது நிமிர்த்தி அமர்த்துங்கள். உண்டபின் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். நீர் குடிக்கும்போதெல்லாம் புரையேறினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்குகிறதோ என்று ஐயுற்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மனமும் மானமும்

காது மங்கியவரிடம் கத்தாதீர்கள். எதிரில் அமர்ந்து, முகம் தெரிய, தாழ்ந்த குரலில் நிறுத்திப் பேசுங்கள். காதழுக்கை எடுத்தாலே கேட்கும் திறன் திரும்பியவர்கள் பலர். துணையை இழந்தபின் உண்ணாமல், பேசாமல், எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பவருக்கு மனச்சோர்வு இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

சிறுநீர் கசிவதை நம் வீட்டு மூதாட்டியர் நாணத்தால் மறைத்துவிடுகின்றனர்; நனைந்துவிடுமோ, தொழுகைக்குத் தூய்மை கெடுமோ என்று அஞ்சி நீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். அதனால் தொற்று வருகிறது, மலம் இறுகுகிறது, கசிவு மேலும் கூடுகிறது. மகளோ மருமகளோ தனிமையில், பரிவோடு கேளுங்கள். பெண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாப்பாவைக் குளிப்பாட்டும் பணியை மகன்களே செய்யட்டும். அவர் மானம் காக்கப்படும்.

இங்கே ஒரு சொல். மகன்கள் சபரில் இருக்க, பணம் மட்டும் மாதந்தோறும் வந்துசேர, பராமரிப்பின் முழுச்சுமையும் ஒரு மருமகளின் தோளில் விழும் வீடுகள் நம்மூர்களில் எத்தனை! இரவெல்லாம் விழித்திருக்கும் அப்பெண்ணுக்கும் உறக்கம் வேண்டாமா? வாரத்தில் ஒரு நாளேனும் அவளுக்கு ஓய்வு கொடுங்கள். சகோதர சகோதரிகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். நன்மையிலும் பங்கு கிடைக்கும்.

உதவி எங்கே?

2021ஆம் ஆண்டு தொடங்கிய ‘எல்டர்லைன்’ என்னும் முதியோர் உதவித் தொலைபேசியின் எண் 14567. அதே ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மருந்துகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருவதற்காக அமைந்தது. சென்னை கிண்டியில் முதியோர்க்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது.

தாமதிக்கக் கூடாதவை

* வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல்: பக்கவாதம். இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். முதற்குறி தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள்.
* திடீர்க் குழப்பம், எழுப்ப முடியாத மயக்கம்.
* நெஞ்சு அழுத்தம், மூச்சுத் திணறல், காரணமற்ற குளிர்ந்த வியர்வை.
* இதய நோயுள்ளவருக்கு மூன்று நாளில் 2 கிலோ எடை கூடுதல், கால் வீங்குதல்.
* விழுந்தபின் எழ முடியாமை. தலையில் அடிபட்டபின் வாந்தி அல்லது உறக்க மயக்கம்.
* கறுத்த மலம், சிறுநீர் அடைப்பு.

சகோதர சகோதரிகளே! நாம் நடை பழகிய நாளில் எத்தனை முறை விழுந்தோம். அத்தனை முறையும் தூக்கி நிறுத்திய கைகள் இன்று நம் கையை நாடுகின்றன. இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பெரியவரின் மாத்திரைகளை அதில் எழுதுங்கள். ஒளுச் செய்யும் இடத்தில் ஒரு முக்காலி போடுங்கள். அருகில் அமர்ந்து, “உடம்பு எப்படி இருக்கிறது?” என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள். அவர்களைப் பேணும் பேற்றினை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!