கை தூக்கியவர்கள் தெரிய வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகன் ஒரு நோட்டோடு வந்தான். கல்லூரி நாடகக் குழுவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறான். மேடையில் நடிகர்கள், பின்னால் திரை, நடுவில் ஒருவன் கையில் கேமரா. கதை ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று பார்க்க வந்தவர்கள் செல்போனில் ஓட்டுப் போடுவார்கள். கதை அந்தப் பக்கம் திரும்பும்.

"பன்னிரண்டு இடத்துல கேள்வி வெச்சிருக்கேன் மாமா. இதை யாருமே செஞ்சிருக்க மாட்டாங்க" என்றான்.

"1967-லேயே செஞ்சிருக்காங்கடா" என்றேன். அவன் முகம் சட்டென்று வாடியது. அடுப்பைக் குறைத்து, டீயில் இஞ்சி இறங்கட்டும் என்று விட்டுவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நமக்கு முன்னால் ஒருவர் அந்த வழியில் நடந்திருக்கிறார் என்பது நல்ல சேதி. பள்ளம் எங்கே என்று அவர் காட்டிவிட்டுப் போயிருப்பார்.

அந்த வருடம் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் அரங்கில் 127 இருக்கைகள் கொண்ட ஒரு சின்ன தியேட்டர். ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். இதைக் கற்பனை செய்தவர் ராடூஸ் சின்செரா. வைத்த பெயர் கினோஆட்டோமாட். ஓடிய படம், 'ஒரு மனிதனும் அவன் வீடும்'.

நாயகன் நோவாக் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவன். பக்கத்து வீட்டு இளம்பெண் குளித்துவிட்டு உடம்பில் துண்டோடு வெளியே வந்தவள், கதவு சாத்திக்கொண்டதால் உள்ளே போக முடியாமல் இவன் வாசலில் நிற்கிறாள். இவன் மனைவி வரும் நேரம். உள்ளே விடலாமா, கூடாதா? அந்த இடத்தில் படம் நிற்கும். நோவாக்காக நடித்த ஹோர்னிச்செக்கே மேடைக்கு நேரில் வந்து சபையைக் கேட்பார். சபை பொத்தானை அழுத்தும். எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்துக் காட்சி ஓடும். இப்படி ஒன்பது முறை.

"இப்ப உன் கணக்குக்கு வா. ஒரு கேள்விக்கு ரெண்டு வழி. அந்த ரெண்டும் மறுபடி ரெண்டு ரெண்டாப் பிரியும். ஒன்பது கேள்வி போனா எத்தனை முடிவு?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்து, போனை எடுத்தான். 512. அவனுடைய பன்னிரண்டு கேள்விக்கு 4,096.

"அத்தனையையும் எந்த நடிகன் மனப்பாடம் பண்ணுவான்?"

சின்செரா கண்ட வழி எளிமையானது. கதையைப் பிரித்தார், அடுத்த கேள்வி வருவதற்குள் இரண்டு கிளையையும் திரும்ப ஒன்றாக இணைத்துவிட்டார். பின்னல் போடும்போது கால்கள் பிரிந்து பிரிந்து சேருமே, அதைப்போல. ஒன்பது கேள்விக்குப் பதினெட்டு மாற்றுக் காட்சிகள் போதும். இரண்டு புரொஜெக்டர்கள் ஒரே சமயத்தில் ஓடும். சபை வேண்டாம் என்று ஒதுக்கிய வழி எந்தப் புரொஜெக்டரில் இருக்கிறதோ, அதன் லென்ஸை மூடிவிடுவார்கள். இந்த மாயம் அவ்வளவு எளிய கைவேலையால் நடந்தது.

எந்த வழியில் போனாலும் படம் தீயில்தான் முடியும். குடியிருப்பு எரியும்.

"அப்போ ஏமாத்து வேலைதானே மாமா?"

நியாயமான கேள்வி. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டால் இந்தக் கலை பிடிபட்டுவிடும். டீயை வடிகட்டி அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

அந்தத் தீயைச் சின்செரா ஒளித்து வைக்கவில்லை. படம் தொடங்குவதே தீயில்தான். எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் 'அடுத்து என்ன ஆகும்' என்ற ஆவல் மெல்ல நகர்ந்து, 'இதில் யார் தவறு' என்ற கேள்வி அந்த இடத்துக்கு வருகிறது. நோவாக்கைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பார்க்கும் சபை, ஒவ்வொரு கட்டத்திலும் அவன் கையைப் பிடித்து நடத்தியதும் தானே என்று கடைசியில் உணர்கிறது. ஓட்டுப் போடுகிறோம், போய்ச் சேரும் இடம் மாறவில்லை என்ற அரசியல் குத்தலும் அதற்குள் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் செக்கோஸ்லோவாக்கிய ஆட்சியாளர்கள் படத்தை முடக்கிவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, 2000களில், சின்செராவின் மகள் அலேனா அதைத் திரும்ப மேடைக்குக் கொண்டுவந்தார்.

எனக்கு அதில் மிகவும் பிடித்த நுட்பம் இன்னொன்று. திரையைச் சுற்றிலும் இருக்கை எண்கள் வரிசையாக இருக்கும். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் உங்கள் எண் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒளிரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு அது தெரியும். துண்டோடு நிற்கும் பெண்ணை உள்ளே விடு என்று நீங்கள் சொன்னது அவருக்குத் தெரிந்துவிட்டது! சபை சிரிக்கும், நெளியும், ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கும். அந்த நெளிவுதான் நாடகம். செல்போனில் தலையைக் குனிந்து யாருக்கும் தெரியாமல் ஒரு புள்ளியைத் தொட்டால் கணக்கு வந்துவிடும், நெளிவு வராது. எல்லோரும் பார்க்கக் கை தூக்கினால்தான் வரும்.

அவன் நோட்டில் 'செல்போன்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

அடுத்தது கேமரா. நேரில் எடுப்பதை அப்போதே திரையில் காட்டினால், படம் ஒரு நொடியில் சிறு பங்கு பிந்தி வரும். கம்பியில்லாமல் அனுப்பினால் இன்னும் பிந்தும். மேடையில் உதடு முந்தும், திரையில் உதடு பிந்தும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். இதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. நாட்டிங்ஹாமில் 1994-ல் தொடங்கி, பெர்லினில் வேரூன்றிய 'காப் ஸ்குவாட்' குழு 2007-ல் 'கிச்சன்' என்ற நாடகம் போட்டது. அமெரிக்கக் கலைஞர் ஆண்டி வார்ஹோல் 1960களில் எடுத்த படங்களைத் திரும்ப நடித்துப் பார்ப்பதுதான் கதை. நடிகர்கள் நடிப்பது திரைக்குப் பின்னால். சபை பார்ப்பது நேரலைப் படத்தை. உதடும் படமும் அருகருகே நிற்காததால், பிந்துவது உறுத்துவதற்கு வாய்ப்பே குறைவு.

ஆனால் சபை உள்ளே வரும்போதே திரைக்குப் பின்னால் இருக்கும் செட்டுகளின் வழியாகத்தான் நடந்து வரும். திரையில் தெரிவது பக்கத்திலேயே, இப்போதே நடக்கிறது என்ற நம்பிக்கை அதனால் வந்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு நடிகராக வெளியே வந்து, சபையில் ஒருவரைத் தனக்குப் பதிலாக உள்ளே அனுப்புவார். போகிறவர் காதில் ஹெட்போன். என்ன பேச வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று நடிகர் சபையில் உட்கார்ந்தபடி மெல்லச் சொல்லிக்கொடுப்பார். கடைசியில் திரை முழுக்க டிக்கெட் வாங்கி வந்தவர்கள்.

இதில் ஒரு பண்பு இருக்கிறது. வசனம் மறந்துவிடுமோ என்று அவர்கள் பயப்பட வேண்டாம்; காதில் ஒரு துணை இருக்கிறது. திரை மறைப்பதால் நூறு கண்களை நேரே பார்க்கவும் வேண்டாம். பார்வையாளரை மேடைக்கு அழைக்கிறவன் அவருடைய கூச்சத்துக்கும் சேர்த்துப் பொறுப்பு. வரமாட்டேன் என்பவரை இழுக்கக் கூடாது. வந்தவரைச் சபை சிரித்து அவமானப்படுத்தும் நிலையில் விடவும் கூடாது. இது எனக்கு விட்டுக்கொடுக்க முடியாத விதி.

டீ முடிந்திருந்தது. "உன் பன்னிரண்டு கேள்வியையும் வாசி" என்றேன்.

வாசித்தான். கதாநாயகி சிவப்புச் சேலை கட்டலாமா, நீலமா? பஸ்ஸில் போகலாமா, ஆட்டோவிலா? ஒவ்வொன்றுக்கும் நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "இதுக்குக் கை தூக்கினா, பக்கத்துல இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பானா?" சேலை போயிற்று, பஸ் போயிற்று. அண்ணன் பணம் எடுத்ததைத் தங்கை அப்பாவிடம் சொல்லலாமா என்ற கேள்வி வந்ததும் அவனே வாசிப்பதை நிறுத்தினான்.

"அம்மா வந்து பார்ப்பாங்க மாமா. அவங்களும் கை தூக்கணும்ல" என்றான்.

மூன்று கேள்விகள் மிஞ்சின. செல்போன் என்று வட்டமிட்ட சொல்லை அடித்துவிட்டு, பக்கத்தில் 'அரங்க விளக்கைப் போடவும்' என்று எழுதிக்கொண்டான்.