வெயில் கொளுத்தும் ஊரில் வெயில் காணாத சரீரங்கள்



வண்டலூரிலோ பெருங்களத்தூரிலோ விடியற்காலையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? பொழுது புலருமுன்னே கம்பெனி பஸ்களும் வேன்களும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. மறைமலை நகர், ஒரகடம் பக்கம் போகிறவர்கள் சிலர். தாம்பரம் சானடோரியத்திலுள்ள மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்குப் போகிறவர்கள் சிலர். அதே வேளையில் இரவு வேலை முடித்த நர்சுகளும் காவலாளிகளும் வீடு திரும்பி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். இவர்களில் அநேகர் சொல்லும் குறை ஒன்றே: "தூங்கி எழுந்தாலும் அலுப்பு தீரவில்லை, கை காலில் சத்தே இல்லை." வைட்டமின் 'டி' குறைவே இதற்குக் காரணம் என்று இப்போது எங்கும் பேசப்படுகிறது. இதில் உண்மை எவ்வளவு என்று பார்ப்போம்.

மற்ற வைட்டமின்கள் ஆகாரத்திலிருந்து வருகின்றன. இதுவோ பெரும்பாலும் நம் தோலிலேயே உண்டாகிறது. வெயிலிலுள்ள ஒருவகைப் புற ஊதாக் கதிர், தோலிலுள்ள கொழுப்புச் சத்து ஒன்றை மாற்றுகிறது. பின்பு ஈரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவப்படுத்த, குடலிலிருந்து சுண்ணாம்புச் சத்து சரீரத்தில் சேர அது உதவுகிறது. இந்தக் கதிர் கண்ணாடி வழியே வராது. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டினாலும் பயனில்லை. நம்மைப்போல் கறுத்த தோல் உடையவர்களுக்கு அதிக நேரமும் வேண்டும்.

நம் நாட்டில் வெயிலுக்கா பஞ்சம் என்று வைத்தியர்களே நினைத்திருந்த காலம் உண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. வெளியில் பயிற்சி செய்யும் ராணுவ வீரர்களுக்கு இந்தச் சத்து ஓரளவு இருந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே வேலை செய்யும் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் மிகவும் குறைந்திருந்தது. பிறருக்கு மருந்து கொடுப்பவர்களே குறைவுள்ளவர்களாயிருந்தார்கள்! பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான கட்டுரையும் இதையே காட்டிற்று. ஷிப்ட் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்குக் குறைவு. வெளிவேலை செய்பவர்களில் பாதிப்பேருக்கு.

காலை இளவெயில் நல்லது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். மனதுக்கும் தூக்கத்துக்கும் அது நல்லதுதான். ஆனால் இந்தச் சத்துக்கு அது போதாது. திருப்பதியில் நடந்த ஆய்வின்படி, தோலில் இது நன்றாக உண்டாவது காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே. திருப்பதி நமக்கு வெகுதூரமில்லை. வெயிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கடிகாரம் இல்லாமலே பார்க்க ஒரு வழி உண்டு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாயிருந்தால் அந்தக் கதிர் வருகிறது என்று கொள்ளலாம். கோடையில் ஒன்பதரை மணிக்கே நிழல் குறுகிவிடும், மார்கழியில் பத்தரையாகும். ஆகவே கத்திரி வெயிலில் உச்சிவேளையில் நின்று மயங்கி விழ வேண்டியதில்லை.

இங்கே நம் ஊரின் சரித்திரத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. 1928-ம் ஆண்டில் டாக்டர் சௌரிமுத்து என்பவர் தாம்பரத்தில் காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். இங்கிலாந்தில் அத்தகைய இல்லத்தை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. திறந்த வெளியும் நல்ல காற்றும் வெயிலுமே அங்கு முக்கிய சிகிச்சை. 1937-ல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அதே 1928-ல்தான் வைட்டமின் 'டி' சம்பந்தமான ஆராய்ச்சிக்காக ஜெர்மனியின் விண்டாஸ் நோபல் பரிசு பெற்றார். அந்த சானடோரியத்தின் பெயரைத் தாங்கிய ரயில் நிலையத்தில் இறங்கித்தான் இன்று பலர், 1984-ல் ஏற்பட்ட மெப்ஸ் வளாகத்துக்குள் போய், டியூப் லைட் வெளிச்சத்தில் பகலைக் கழிக்கிறார்கள். ஆனால் காசநோயை முடிவில் வென்றது வெயில் அல்ல, மருந்துகளே என்பதையும் மறக்கலாகாது.

களைப்பின் விஷயமும் அப்படியே. வைட்டமின் 'டி' மிகவும் குறைந்தால் எலும்பு வலியும் தசைப் பலவீனமும் வரும். தரையிலிருந்து கையூன்றித்தான் எழ முடிகிறது, படியேறத் தொடை ஒத்துழைக்கவில்லை என்றால் அதைச் சந்தேகிக்க வேண்டும். வெறும் அலுப்புக்கு? சூரிக் நகரில் களைப்புற்ற 120 பேரிடம் செய்து 2016-ல் வெளியிட்ட சோதனையில், வைட்டமின் பெற்றவர்களில் 72 சதவீதம் பேருக்குக் களைப்பு தணிந்தது. போலி மாத்திரை பெற்றவர்களிலும் 50 சதவீதம் பேருக்குத் தணிந்தது! பலன் உண்டு, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவு இல்லை.

நம் பெண்களின் களைப்புக்கு முதலில் தேட வேண்டிய காரணம் இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருந்தது. தைராய்டு, சர்க்கரை, தூக்கக் குறைவு இவையும் உண்டு. ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நிற்கும் சகோதரிக்கு எந்த மாத்திரை உதவும்? கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழக சட்டசபை சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

இதைக் குறிப்பாக உங்களுக்கு எழுதக் காரணமுண்டு. சபைகளில் மருத்துவ முகாம் நடத்தும்போது, எல்லாருக்கும் வைட்டமின் 'டி' பரிசோதனை செய்யலாமே என்று சில அன்பர்கள் நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள். ஹீமோகுளோபின் பரிசோதனையைவிட அது பல மடங்கு செலவு. 2024-ல் வெளியான அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமாக அதைச் செய்ய வேண்டாம் என்கிறது. அந்தக் காணிக்கையில் எத்தனையோ பேருக்கு இரத்தசோகை பார்த்து, இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு ஆபத்து உண்டு. 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று என்று வைத்தியர் எழுதிக் கொடுக்கிறார். சிலர் சீக்கிரம் பலம் வரட்டும் என்று தினமும் குடிக்கிறார்கள். சிலர் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்குகிறார்கள். நாளொன்றுக்கு வேண்டியது 600 யூனிட்தான் என்பது 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்ன அளவு. அதிகமானது சிறுநீரில் போய்விடாது. கொழுப்பில் தங்கி, இரத்தத்தில் சுண்ணாம்பை ஏற்றி, வாந்தியும் சிறுநீரகக் கேடும் உண்டாக்கும். உங்கள் வீட்டு மருந்து டப்பாவில் அந்தப் பாக்கெட் இருந்தால், வைத்தியர் எத்தனை வாரம் என்று எழுதினார் என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள்.