பெரிய கம்பனியா, சின்ன இல்லமா? முதியோர் பராமரிப்பின் செலவுக் கணக்கு

"அம்மாவை ஹோமிலே விடுவதா?" நம்மவர் வீடுகளில் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் மறதிநோயோ பாரிசவாதமோ வந்துவிட்டால், மகனும் மருமகளும் வேலைக்குப் போகும் ஹரோ வீடுகளில் ஒருநாள் அந்த முடிவை எடுக்கவேண்டி வருகிறது. அதுவும் பெரும்பாலும் வைத்தியசாலையிலிருந்து அனுப்பும் அவசரத்தில். அந்த நேரத்தில் "பெரிய கம்பனி என்றால் மலிவு, பாதுகாப்பு" என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான்.

இல்லத்தின் அளவு வேறு, அதை நடத்தும் நிறுவனத்தின் அளவு வேறு. 12 பேர் உள்ள இல்லத்துக்கும் ஒரு முகாமையாளர், ஒரு சமையலறை, இரவு விழித்திருக்கும் ஊழியர்கள் வேண்டும். 60 பேர் உள்ள இல்லத்தில் அந்தச் செலவு பலருக்கிடையே பிரிகிறது. எனவே பெரிய கட்டடத்தில் ஆளுக்கான செலவு குறையலாம். ஆனால் இங்கிலாந்தின் பராமரிப்புத் தர ஆணையமான சி.கியூ.சி. 2017இல் வெளியிட்ட அறிக்கையில், சிறிய இல்லங்களே பொதுவாகக் கூடிய தரமதிப்பீடு பெற்றிருந்தன.

நிறுவனம் பெரிதானால் மொத்தக் கொள்வனவில் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் கட்டட வாடகையும் கடன் வட்டியும் அந்த மிச்சத்தை விழுங்கிவிடலாம். சதர்ன் குரொஸ் நிறுவனம் ஏறத்தாழ 750 இல்லங்களில் 31,000 முதியவர்களைப் பராமரித்தது. பிரித்தானியாவில் அப்போது அதுவே மிகப் பெரியது. கட்டடங்களை விற்று, அவற்றையே வாடகைக்கு எடுத்து நடத்தியது. வாடகை ஏற, வருமானம் குறைய, 2011இல் வீழ்ந்தது. அதன் இல்லங்கள் வேறு நிறுவனங்களின் கைக்கு மாறின. ஆனைக்கும் அடி சறுக்கும் அல்லவா? இதன் பின்னர்தான், 2015 முதல், பெரிய நிறுவனங்களின் நிதிநிலையை சி.கியூ.சி. கண்காணித்து வருகிறது.

நீங்கள் கட்டும் தொகையை அளவைவிட அதிகம் தீர்மானிப்பது, பணம் கட்டுவது யார் என்பதே. ஒரே இல்லத்தில், சொந்தப் பணம் கட்டுபவர் கவுன்சில் கட்டுவதைவிட சராசரியாக 41 வீதம் கூடுதலாகக் கட்டுகிறார் என்று போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2017இல் கண்டது. சேமிப்பும் சொத்தும் 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் உங்களுடையது. இந்த எல்லை 2010 முதல் 2025-26 நிதியாண்டு வரை உயர்த்தப்படவில்லை. நிரந்தரமாக இல்லத்துக்குப் போகும்போது வீடும் கணக்கில் சேரும். கணவனோ மனைவியோ அங்கே தொடர்ந்து வசித்தால் சேராது.

ஆகவே கையெழுத்து வைக்குமுன்:

• ஹரோ கவுன்சிலிடம் தேவை மதிப்பீடும் நிதி மதிப்பீடும் கேளுங்கள்.

• கடும் நோய் என்றால், என்.எச்.எஸ். முழுச் செலவையும் ஏற்கும் தொடர் பராமரிப்புத் திட்டத்துக்குத் தகுதி உண்டா என்று விசாரியுங்கள்.

• வாராந்தக் கட்டணத்தில் எது அடங்கும், ஆண்டுதோறும் எவ்வளவு ஏறும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

• கையிருப்புப் பணம் தீர்ந்து கவுன்சில் பொறுப்பேற்றால், அதே அறையில் தொடர்ந்து இருக்க முடியுமா என்று கேளுங்கள்.

• சி.கியூ.சி. அறிக்கையை வாசியுங்கள். சொல்லாமல் ஒருமுறை, சாப்பாட்டு நேரத்தில், போய்ப் பாருங்கள்.

வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை பெரிதா சிறிதா என்பதல்ல விடயம். இரவு இரண்டு மணிக்கு அம்மா மணியடித்தால் யார் வருவார் என்பதே விடயம். அம்மா நலமாக இருக்கும்போதே, அவரையும் கூட இருத்தி, இதைப் பேசிவிடுங்கள்.